விடுவிக்கப்பட்ட வயிறு

அம்பிகைபாகனுடைய வயிறு ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை காலையில் அதிகாரபூர்வமாக விடுவிக்கப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வெற்றிலை நீட்டினார்கள். தேசிய கீதம் இசைத்தபோது, அன்று விடுவிக்கப்பட்ட வயிறுகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இரைப்பைக் கிருமி ஒழிப்பு நிலையத்தின் பணிப்பாளர் டொக்டர் மொரகொல்ல ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, நீல நாடா கட்டிய சான்றிதழ் ஒன்றும் ஒரு கோப்பை பால் தேத்தண்ணீரும் வழங்கினார். தேத்தண்ணீர் உள்ளே போன கையோடு அம்பிகைபாகனுக்கு நெஞ்சுக்குக் கீழே, பழைய இடத்திலேயே, பழைய எரிவு எழும்பியது. விழா நடக்கும்போது அதை வெளியே சொல்வது மரியாதையில்லை என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினார்.

கண்டிப் பட்டணத்தின் நடுவில் குண்டு வெடித்து, புத்தரின் பல்லை வைத்துக் கும்பிடும் மாளிகைக்கு முன்னாலிருந்த பெருவீதியைக் கம்பி போட்டு மறித்திருந்த காலம் அது. வானொலியில் நாளுக்கொரு ஊர் விடுவிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. விடுவிக்கப்பட்ட ஊரில் மறுநாளும் வெடிச்சத்தம் கேட்டால், கேட்டது வெடிச்சத்தமல்ல என்று அடுத்த செய்தியில் திருத்திவிடுவார்கள். நிலையமும் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைதான். அம்பிட்டிய வீதியில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பங்களாவில் அதைத் திறந்திருந்தார்கள். ஹெலிகோபாக்டர் என்று ஒரு கிருமி, திருகாணி போல உடம்பை முறுக்கிக்கொண்டு இரைப்பைச் சுவருக்குள் குடியிருக்கும், புண்ணாக்கும், விட்டால் ஓட்டையும் போடும். அதை அடியோடு ஒழிப்பதுதான் நிலையத்தின் வேலை. இரண்டு கிழமைக்கு மூன்று விதமான குளிசை கொடுப்பார்கள். பிறகு விழா. 'வெற்றி நூற்றுக்கு நூறு' என்று வாசலில் மூன்று மொழியிலும் பலகை தொங்கியது. எண்ணெய்ப் பெயின்றால் எழுதியது. அழித்து எழுதுகிற நோக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை.

அம்பிகைபாகன் யாழ்ப்பாணத்து ஆள். கண்டியில் ஒரு திணைக்களத்தில் பிரதம லிகிதர். இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருகிற சுபாவம். அப்படிப்பட்ட மனிதருக்கு வந்து வாய்த்தது ஏப்பம். திணைக்களக் கந்தோரில் ஏப்பம் வரும்போதெல்லாம் மேசை லாச்சியை இழுத்து அடித்து அந்தச் சத்தத்தில் அதை ஒளிப்பார். லாச்சி உடைந்துபோயிற்றே தவிர ஏப்பம் நிற்கவில்லை. ஒரு நாள் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபோது, சிப்பாயின் முகத்துக்கு நேரே ஒன்று போய்விட்டது. அதற்காக பஸ்ஸிலிருந்த தமிழ்ச் சனம் முழுவதையும் இறக்கி வெயிலில் நிறுத்திவைத்தார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் அவரைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் அவருக்குக் காது சுடும்.

அதையும் தாங்கிக்கொள்ளலாம். நிலையம் அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தைத்தான் தாங்க முடியவில்லை. கிருமி அழுக்குத் தண்ணீராலும் அழுக்குக் கையாலும் வரும் என்று அதில் போட்டிருந்தது. மனைவி கமலாசனி அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

"நாங்கள் கிணத்துத் தண்ணியையே கொதிக்கவைச்சு ஆறவைச்சுக் குடிக்கிற ஆக்கள். எங்கட வீட்டுக்குள்ள இது எப்பிடி வந்தது? ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள்.

சான்றிதழ் வந்ததும் அவளே அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். அதற்குக் கீழேதான் அம்பிகைபாகன் இரவிரவாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். புரட்டாதி பிறந்ததும் மலம் தார் போலக் கறுத்துப் போகத் தொடங்கியது. உள்ளே இரத்தம் கசிகிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. வெட்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடியும் அம்பிட்டிய வீதி ஏறினார்.

நிலையத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்றில் 'விடுவிக்கப்பட வேண்டியோர்' என்றும், மற்றதில் 'நன்றி கூற வருவோர்' என்றும் எழுதியிருந்தது. காவலாளி அவருடைய நோயாளி அட்டையைப் பார்த்துவிட்டு, விடுவிக்கப்பட்டவரை முதல் வாசலால் விடமுடியாது என்றான். சரி, நன்றி கூறுகிறேன் என்று மற்ற வாசலுக்குப் போனார். அங்கே இன்னொரு காவலாளி, "நன்றி கூற வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டாரே" என்று நியாயமாகவே கேட்டான். திரும்பி வந்தவர்களுக்கு வாசல் எங்கே என்று அம்பிகைபாகன் வினவினார். கட்டவில்லை, ஒருவரும் திரும்பி வருவதில்லை என்றான் அவன். சொல்லிவிட்டு, திரும்பி வந்தவர்கள் காத்திருக்கும் இடத்தைக் கையால் காட்டினான். இரண்டு வாசலுக்கும் நடுவில், கொய்யா மரத்தடியில், உட்கார ஒரு வாங்கு போட்டிருந்தது.

அதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மெலிந்த தேகம், தோளில் துவாய், மடியில் ஒரு போத்தல். அம்பிகைபாகனைக் கண்டதும் எழுந்து நின்று இடம் விட்டார்.

"வாங்கய்யா, உக்காருங்க. பேரு ராஜலிங்கங்க. தெல்தோட்டைப் பக்கம். மேல் டிவிசன், ரெண்டாவது லயம். பெக்டரியில கொழுந்து வாட்டுற எடத்துல வேலை. ஐயாவுக்கும் திரும்பிருச்சுங்களா?"

"இல்லை, இல்லை. நான் உத்தியோக விஷயமா வந்தனான்" என்றார் அம்பிகைபாகன். சொல்லி வாய் மூடுவதற்குள் ஏப்பம் வந்து காட்டிக்கொடுத்தது.

"எனக்கும் இதே மாதிரித்தாங்க வரும்" என்றார் ராஜலிங்கம் சந்தோஷமாக. "போன கெழமை வாந்தியில ரத்தமும் வந்துச்சு. வீட்டுல அழுவுறாங்க. அதான் மொத பஸ்ஸுக்கே ஓடியாந்துட்டேன். சீரகத் தண்ணி கொஞ்சம் குடிக்கிறீங்களா?"

அம்பிகைபாகன் வாங்கின் நுனிக்கு நகர்ந்து இருந்தார். தனக்கும் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரே கிருமி என்பது அவருக்கு வயிற்று வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது. அந்தத் தண்ணீர் எந்த ஓடைப் பீலியில் பிடித்ததோ என்றும் யோசித்தார். ஆனால் மத்தியானமளவில் எரிவு தாங்காமல் போத்தலைக் கேட்டு வாங்கி, வாயில் படாமல் அண்ணாந்து குடித்தார். கொஞ்சம் ஆறியது. நன்றி சொன்னாரே தவிர, தன் பெயரைச் சொல்லவில்லை. அந்தளவு நெருக்கம் வேண்டாம் என்று நினைத்தார். ராஜலிங்கமும் கேட்கவில்லை. ஐயா என்று கூப்பிட்டால் போதுமாக இருந்தது.

மூன்றாவது முறை வந்தபோதுதான் அவரை உள்ளே விட்டார்கள். குழாய் விட்டு இரைப்பையில் ஒரு துணுக்குச் சதை எடுத்து, மஞ்சள் களியொன்றில் வைத்தார்கள். கிருமி இருந்தால் களி சிவக்கும். தாதி றம்லத் கிட்ட வந்து, "வெளிக்குப் போறது கறுப்பா போகுதா?" என்று கேட்டாள். அம்பிகைபாகன் தன் கல்யாணத்திலும் அப்படித் தலை குனிந்ததில்லை. அவர் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே களி செவ்வரத்தம்பூப் போலச் சிவந்துவிட்டது.

"உங்கட பிழையில்ல" என்றாள் றம்லத் மெதுவாக. "மூண்டு குளிசையில ஒண்ட நம்மட சனம் வயித்தோட்டத்துக்கெல்லாம் விழுங்கி விழுங்கி, கிருமிக்கு அது பழகிப்போச்சு. திரும்பவும் அதையே குடுத்தா போகாது. வேற மருந்து, நாலு வகை சேத்துக் குடுக்கணும். அந்தா, அந்த அலுமாரி நெறய இருக்கு. நான் சொன்னேண்டு சொல்லிராதீங்க."

அலுமாரி பூட்டியிருந்தது. முதலாவது மருந்து தோற்காத இடத்தில் இரண்டாவது மருந்துக்கு என்ன வேலை என்று அதை வாங்கிய நாளிலேயே பூட்டிவிட்டார்களாம். வாங்கியது ஏனென்றால் வரவுசெலவுத் திட்டத்தில் இருந்ததாம்.

பணிப்பாளர் டொக்டர் மொரகொல்ல அம்பிகைபாகனை அன்போடு வரவேற்று, கதிரை காட்டி, களியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது செம்மஞ்சள்" என்றார்.

"சேர், சிவப்பு மாதிரி..."

"சிவப்பென்று தீர்மானிக்கும் அதிகாரம் அமைச்சுக்கு மட்டும்தான் உண்டு. திரு. அம்பிகைபாகன், உங்கள் வயிறு ஆவணியில் விடுவிக்கப்பட்டுவிட்டது. நானே கையெழுத்து வைத்தேன். விடுவிக்கப்பட்ட வயிற்றில் கிருமி இருக்கமுடியாது. இருப்பதாக வயிறு சொன்னால், அது உங்கள் வயிறு பரப்பும் வதந்தி." அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். "இந்த நாட்டில் பல வைத்தியர்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். நான் முடிவை எடுத்துவிட்டுத்தான் வயிற்றைப் பார்ப்பேன். ஆகவே எனக்கு இந்தத் தொழிலில் ஒரு நாளும் ஏமாற்றம் வந்ததில்லை."

அம்பிகைபாகன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இரத்தம் கசிகிறது என்று எப்படியோ சொல்லிமுடித்தார். பணிப்பாளருக்கு உண்மையாகவே இரக்கம் வந்தது.

"மருந்து தோற்காது. ஆனால் நோயாளி தோற்கலாம். அதற்கு எங்களிடம் ஒரு சபை இருக்கிறது. குளிசையை விழுங்காமல் துப்பினேன் என்று அங்கே ஒப்புக்கொள்ளுங்கள். அப்போது முதலாவது சிகிச்சை நடக்கவே இல்லை என்றாகிவிடும். நடக்காத சிகிச்சை தோற்கவும் முடியாது. அலுமாரியைத் திறந்து, அந்த மருந்தை உங்களுக்கு முதலாவது சிகிச்சையாகவே கொடுக்கலாம். பாருங்கள், எல்லோருக்கும் வெற்றி."

வீட்டுக்கு வந்து அம்பிகைபாகன் இதைச் சொன்னபோது கமலாசனிக்கு அழுகை வந்துவிட்டது. ஒவ்வொரு குளிசையையும் அவள்தான் திருநீறு பூசிக் கையில் கொடுத்தவள்.

"கும்பிட்டு விழுங்கின குளிசையைத் துப்பினனான் எண்டு சொல்லுறதோ? அப்ப நான் என்ன, பாத்துக்கொண்டு நிண்டனானோ?" என்று கேட்டாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். அது வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. "சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஒத்துழையாமை விசாரணைச் சபை, துரை ஒரு காலத்தில் விருந்து வைத்த பெரிய அறையில் கூடியது. நடுவில் பணிப்பாளர். வலப்பக்கத்தில் ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர். கிருமியும் எதிரிதானே என்று அமைச்சு அவரை அனுப்பியிருந்தது. இடப்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் திருச்செல்வம். பின்னேரமானால் யாழ்ப்பாணத்துப் பகிடிகள் சொல்லிச் சிரிக்கிற நல்ல மனிதர். சபையில் முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். அம்பிகைபாகன் நல்ல சிங்களத்தில் வணக்கம் சொன்னார். பதவி உயர்வுக்காகப் பரீட்சை எழுதித் தேறிய சிங்களம். மேஜர் கையை உயர்த்தித் தடுத்தார். தமிழ் நோயாளியின் வாக்குமூலம் மொழிபெயர்ப்பாளர் ஊடாகவே வரவேண்டுமாம். ஆகவே சிங்களத்தில் கேட்ட கேள்வி விளங்கியும் விளங்காதது போல அவர் காத்திருந்தார். திருச்செல்வம் அதைத் தமிழாக்கினார்.

"குளிசையைத் துப்பினனீங்களோ எண்டு கேக்கினம். ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை, கெதியா முடிஞ்சிடும்."

"ஓம்" என்றார் அம்பிகைபாகன். அதிகாரிகளுக்கு முன்னால் அவர் அறிந்து சொன்ன முதல் பொய் அதுதான். அது அத்தனை சின்னதாக இருந்தது அவருக்கே ஆச்சரியமாகப் பட்டது.

பணிப்பாளர் மகிழ்ந்து பேனையை எடுத்தார். ஆனால் மேஜர் முன்னால் குனிந்தார்.

"துப்பச் சொன்னது யார்?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான்..."

மேஜர் சிரித்தார். "நான் காட்டில் இருந்தவன். தனியாக எவனும் எதையும் செய்வதில்லை. குளிசையைத் துப்புகிறவனுக்குப் பின்னால் துப்பச் சொன்னவன் இருப்பான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். டொக்டருக்குக் கிருமியைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டும். எனக்குப் பெயர் கிடைத்தால் போதும். ஆளை நான் பார்க்க வேண்டியதுகூட இல்லை."

"கட்டாயமில்லை" என்று பணிப்பாளர் கனிவாகச் சேர்த்தார். "இது ஒரு சுதந்திர நாடு. வயிறும் உங்களுடையது."

அம்பிகைபாகன் செத்துப்போன தமையனின் பெயரைச் சொன்னார். இறந்தவருக்கு அழைப்பாணை அனுப்பமுடியாது என்று மறுத்துவிட்டார்கள். பஸ்ஸில் கண்ட யாரோ ஒருவர் என்றார். யாரோ ஒருவர் என்பது பெயரல்ல என்றார்கள். கமலாசனியின் பெயர் ஒரு கணம் நாக்கின் நுனிவரை வந்துபோனது. அதற்காக அவர் பிறகு எத்தனையோ நாள் அவளுடைய முகத்தை நேரே பார்க்கவில்லை. அப்போதுதான் வயிற்றுக்குள் யாரோ கத்தியைத் திருப்பியது போல வலி எழும்பியது. நெற்றி வியர்த்தது. யன்னலுக்கு வெளியே கொய்யா மரம் தெரிந்தது. மரத்தடியில் ராஜலிங்கம், புதிதாக வந்த யாரோ ஒரு கிழவருக்குப் போத்தலிலிருந்து சீரகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அரசாங்க சேவையில் இத்தனை வருடமும் எந்தக் கேள்விக்கும் 'பாத்துச் சொல்லுறன்' என்பதைத் தவிர வேறு பதில் சொல்லியறியாத மனிதர், அன்று தடங்கல் இல்லாமல் சொன்னார். ராஜலிங்கம். தெல்தோட்டை. மேல் டிவிசன், இரண்டாவது லயம். பெக்டரியில் கொழுந்து வாட்டும் இடம். கேட்காததையும் சொன்னார். திருச்செல்வம் ஒரு விநாடி அவரைப் பார்த்துவிட்டு, ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தார்.

அலுமாரியைத் திறந்தார்கள். மருந்தோடு வெளியே வந்தபோது, கொய்யா மரத்தடியால் போகாமல் குசினிப் பக்கத்து ஒழுங்கையால் சுற்றி வீதிக்கு இறங்கினார். தோட்டத்து ஆள்தானே, கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள் என்று வழிநெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

"ஆற்றை பேரைச் சொன்னனீங்கள்?" என்று கமலாசனி கேட்டாள்.

"ஒரு தோட்டத்து ஆள். உமக்குத் தெரியாது."

"அப்ப பரவாயில்லை" என்றாள் அவள், நெஞ்சு ஆறி. அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்பிகைபாகனுக்கு உடம்பு கூசியது. அவரும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தது அதைத்தான். வேறொருவர் வாயால் கேட்டபோதுதான் அது எப்படியிருக்கிறதென்று தெரிந்தது.

புது மருந்து நன்றாகவே வேலை செய்தது. அதற்கு ஒரேயொரு குணம் இருந்தது. நாக்கைக் கரியாகக் கறுக்கவைக்கும். றம்லத் அதை முதலிலேயே சொல்லியிருந்தாள். மருந்து முடிந்தால் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கந்தோருக்கு அதை யார் சொல்வது? கரிநாக்கு உள்ளவர் சொன்னது பலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மழை வரப்போகுது என்று அவர் சொன்ன அன்று பேய்மழை பெய்து, பேராதனைப் பக்கம் மதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவருடைய மேசைக்கு முன்னால் யாரும் வாய் கொடுப்பதில்லை. காசாளர் மட்டும் தனியே வந்து, "என்ர மகளுக்கு இந்த வருஷம் கலியாணம் சரிவரும் எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்று கெஞ்சினார். அம்பிகைபாகன் சொன்னார். ராஜலிங்கத்தின் பெயரைச் சொன்ன நாக்கு என்பது காசாளருக்குத் தெரியாது.

இதற்கிடையில் நிலையம் அந்தக் கறுப்பு நாக்கையே ஒரு முறையாக்கிவிட்டது. மருந்தை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று பார்க்க அதைவிட நல்ல அத்தாட்சி ஏது? கிழமைக்கு ஒரு முறை மிச்ச மருந்துக்கு வரும் நோயாளி, வாசலில் நின்று நாக்கை நீட்டவேண்டும். வழியில் சாவடியில் அடையாள அட்டை, இங்கே நாக்கு. கறுத்திருந்தால் உள்ளே விடுவார்கள். கொய்யா மரத்தடிச் சனத்துக்கும் விஷயம் விளங்கிவிட்டது. பெயர் சொன்னவர்களுக்குத்தான் அந்த மருந்து. ஆகவே நாக்குக் கறுத்தவர் யாரோ ஒருவரின் பெயரைச் சொன்னவர்.

கடைசி மருந்தை வாங்கப் போன நாள் கந்தசஷ்டிக்குள் வந்தது. வலி போய்விட்டது. ஏப்பம் போய்விட்டது. இராத்திரி படுத்தால் விடியத்தான் எழும்பினார். அம்பிட்டிய வீதியில் ஏறும்போது, அந்த மனிதர் இன்றைக்கு அங்கே இருக்கக்கூடாது என்று முருகனிடம் கேட்டுக்கொண்டுதான் நடந்தார்.

ராஜலிங்கம் வாங்கில் இருந்தார். முன்னைவிட மெலிந்து, கண் உள்ளே போயிருந்தது. அம்பிகைபாகனைக் கண்டதும் எழுந்து, துவாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கிட்ட வந்தார்.

"ஐயா! எங்கங்கய்யா ரொம்ப நாளாக் காணோம்? நல்லாருக்கீங்களா? மொகம் தெளிஞ்சிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்குத்தாங்க பெரிய வம்பாப் போச்சு. யாரோ எம் பேரச் சொல்லிட்டாங்களாம். நாந்தான் ஆளுங்களக் கூட்டி வச்சுக்கிட்டு மருந்தத் துப்பச் சொல்லிக் குடுத்தேனாம். தோட்டத்துக்குக் கடுதாசி வந்து, தோட்டத் தொரை வேலைய நிறுத்திட்டாரு. இன்னைக்குக் கடைசி விசாரணை. நான் ஒரு பேரு சொல்லணுமாம், இல்லாட்டி எம் நோயாளி அட்டைய வெட்டிருவாங்களாம், அப்புறம் மருந்தே கெடையாதாம். ஐயா படிச்சவங்க, சிங்களம் தெரிஞ்சவங்க. எனக்காக ஒரு வார்த்த உள்ள வந்து சொல்லுங்களேன்."

அம்பிகைபாகன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நாக்குத் தெரியும். உதட்டை இறுக மூடிக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வாசலில் தொங்கிய பலகையைப் பார்த்தார்.

ராஜலிங்கம் அந்த மூடிய வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெற்றியிலிருந்த திருநீற்றைப் பார்த்தார். திடீரென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடடா, சஷ்டி! மௌன விரதங்களா? தெரியாமப் போய் வாயக் கிண்டிட்டேன். மன்னிச்சுக்குங்க ஐயா."

அம்பிகைபாகன் தலையை ஆட்டினார். ஓம், விரதம்தான் என்று ஆட்டினார். விரலை எடுத்து உதட்டிலும் வைத்துக்காட்டினார். நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று அந்த நேரம் அவருக்கு மெய்யாகவே பட்டது.

"கும்புடுறப்ப எனக்கும் சேத்துக் கும்புட்டுக்குங்க" என்றார் ராஜலிங்கம்.

அப்போது வாசலிலிருந்து காவலாளி கூப்பிட்டான்.

"மாத்தயா, நாக்கு!"

அம்பிகைபாகன் கேட்காதது போல நின்றார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. காவலாளி கிட்ட வந்து, மரியாதையாகத்தான், அவருடைய தாடையைப் பிடித்துத் தூக்கினான். வேறு வழியில்லை. திறந்தார். அடுப்புக் கரி பூசியது போன்ற அந்த நாக்கு, நல்ல வெயிலில், ராஜலிங்கத்தின் முகத்துக்கு நேரே நீண்டது. காவலாளி திருப்தியோடு, போகலாம் என்றான்.

ராஜலிங்கம் கோபப்படவில்லை. ஏதோ ஒரு கணக்கு அவருக்குள் மெல்ல மெல்லச் சரிவருவது முகத்தில் தெரிந்தது. இந்த வாங்கில் தன் பெயரையும் டிவிசனையும் லயத்தையும் அவர் யாரிடம் சொன்னார் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, வாங்கில் முதல் நாள் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டார்.

"ஐயா பேரு என்னங்க?"

அம்பிகைபாகனின் விரல் தானாகவே திரும்ப உதட்டுக்குப் போனது. விரதம்.

உள்ளே திருச்செல்வம், "ராஜலிங்கம், தெல்தோட்டை!" என்று கூப்பிட்டார். ராஜலிங்கம் போத்தலை அம்பிகைபாகனின் கையில் கொடுத்து, "இதக் கொஞ்சம் வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய அறையின் யன்னல் திறந்து கிடந்தது. மேஜர் அதே கேள்வியை அதே வார்த்தையில் கேட்பது கேட்டது. திருச்செல்வம் அதைத் தமிழில் சொன்னார்.

"உம்மைத் துப்பச் சொன்னது ஆர் எண்டு கேக்கினம். ஒரு பேரைச் சொல்லும். மருந்து இப்பவே தருவினம்."

"ஒரு ஐயாவத் தெரியுங்க" என்றார் ராஜலிங்கம்.

"அவற்றை பேர்?"

அம்பிகைபாகன் போத்தலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். யன்னலுக்கும் அவருக்கும் இடையில் ஒரு பூச்சட்டிதான் இருந்தது. தன் பெயரை அங்கிருந்தே சொல்லலாம். ராஜலிங்கத்துக்கு அலுமாரி திறக்கும். அந்த அறையில் இன்னொருவரின் பெயர் எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கு நினைவிருந்தது.

"பேரு தெரியாதுங்க" என்றார் ராஜலிங்கம். "நான் கேட்டுப் பாத்தேன். அவரு சொல்லல."

பெயர் தெரியாத ஆள் கணக்கில் வராது என்று மேஜர் சொல்ல, பணிப்பாளர் வருத்தத்தோடு ராஜலிங்கத்தின் அட்டையை வெட்டினார். ராஜலிங்கம் வெளியே வந்தார். போத்தலைத் திரும்பக் கேட்கவில்லை. அம்பிகைபாகனைக் கடந்து, துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெல்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க இறக்கத்தில் நடந்தார். வளைவில் ஒரு தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மதிலில் சாய்ந்து நின்றார். பிறகு போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டிலும் அம்பிகைபாகன் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இவர் சஷ்டி விரதம் பிடிக்கிறார் என்று கமலாசனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் கேளாமலே அவள் பாலும் பழமும் கொண்டுவந்து, சான்றிதழுக்குக் கீழே வைத்தாள். பாலைக் குடித்துவிட்டு அவர் எரிவு வருமென்று காத்திருந்தார். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தார். வயிற்றில் கொஞ்சமும் வலி இல்லை.